ரெண்டு சீட்டு வண்டி

கதிர்வேல் வண்டியை அளக்கவில்லை, அதை நிறுத்தப்போகிற சந்தைத்தான் அளந்தார். அதுவும் டேப்பை வைத்து அல்ல. விற்பனைக்கு வைத்திருந்த நாற்பத்தெட்டு அங்குலச் சேலை ஒன்றை எடுத்து, வீட்டை ஒட்டிய சந்தின் இரண்டு சுவருக்கும் நடுவே அகலவாக்கில் பிடித்து, மிச்ச இடத்தை விரலால் பார்த்தார். கம்பெனிக்காரன் கொடுத்த வழவழப்பான காகிதத்தில் அந்த ரெண்டு சீட்டு எலக்ட்ரிக் வண்டியின் அகலம் ஐம்பத்தோரு அங்குலம் என்று இருந்தது. சந்து ஐம்பத்தெட்டு. பக்கத்துக்கு மூன்றரை அங்குலம் மிச்சம். "தாராளமா போவும்" என்று சொல்லிச் சேலையை மடித்து வைத்துவிட்டார்.

முப்பது வருஷமாகத் தறியில் உட்காருகிறவர். அவர் அளவில் பிழையே கிடையாது. தறியில் சேலை இப்படி அப்படி விலகாமல் நேராக வரும். ஓரத்தில் விரல்கடை இடம் இருந்தால் போதும். ஆனால் சேலைக்குக் கதவு இல்லை. வண்டிக்கு இரண்டு கதவு உண்டு, இரண்டும் பக்கவாட்டில் திறக்கும் என்பது அந்த நேரத்தில் அவர் புத்திக்கு எட்டவில்லை. பக்கத்தில் நின்ற மனைவி சங்கரிக்கும் எட்டவில்லை. அவளும் நெசவுக்கார வீட்டுப் பெண்தானே.

வண்டி வந்த அன்று கதிர்வேல் தானே ஓட்டி உள்ளே விட்டார். சுவரில் தூசுகூடப் படாமல் நூல் பிடித்த மாதிரி போனது. தெருவே நின்று பார்த்தது. அப்புறம் இறங்க வேண்டுமே? கதவு மூன்றரை அங்குலம் திறந்து சுவரில் முட்டி நின்றது. மனுஷன் கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டிருந்தார். பின்கதவைத் தூக்கி, சீட்டைச் சாய்த்து, சாமான் வைக்கிற இடத்தின் வழியாக அவரை உருவி எடுத்தார்கள். அதோடு சரி. ஓட்டுகிற இடத்தில் அவர் மறுபடி உட்காரவே இல்லை. தனக்கு மொபெட் போதும் என்றுவிட்டார்.

ஆகவே ஓட்டுகிற வேலை சங்கரியின் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்வதும் சரியில்லை. அவள் ஆசைப்பட்டு ஏந்திக்கொண்டாள். வண்டி வாங்கலாம் என்று முதலில் வாயைத் திறந்ததே அவள்தான். மகள் ஜீவிதா சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கப் போனபின், நாற்பத்தொரு வயதில், காஞ்சிபுரத்தைத் தன் இஷ்டத்துக்குச் சுற்றிவர ஒரு வண்டி இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். நினைப்பதற்கு என்ன, யாரும் நினைக்கலாம்.

வண்டியைக் குறை சொல்ல முடியாது. பெரிய தவலையைக் கவிழ்த்து நாலு சக்கரம் மாட்டின மாதிரி இருக்கும். போனுக்குப் போடுவதுபோல வீட்டு பிளக்கில் போட்டால் சார்ஜ் ஏறிவிடும். பிள்ளையார் கோயில் மூலையில் ஒரே வீச்சில் திரும்பும். கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வெளியூரிலிருந்து வந்த வேன்கள் காந்தி ரோட்டில் நிறுத்த இடமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும்போது, இது இரண்டு பைக்குகளுக்கு நடுவே நுழைந்து நின்றுகொள்ளும். உள்ளே உட்கார்ந்தால் தலை இடிக்காது, கால் மடங்காது. வண்டியை வரைந்தவன் கெட்டிக்காரன்தான். ஆனால் பக்கத்தில் ஒரு இருக்கை காலியாக இருந்தால் அதை நம் வீடுகளில் காலியாக விட்டுவைப்பார்களா என்று அவன் யோசிக்கவில்லை.

அந்த இருக்கை முதல் நாளிலேயே பட்டம்மாளுக்கு என்று ஆகிவிட்டது. பட்டம்மாள் சங்கரியின் மாமியார். முழங்கால் இரண்டும் தேய்ந்தவள். திங்கள் ஏகாம்பரநாதர், வெள்ளி காமாட்சி, செவ்வாய் வியாழன் சனி காலுக்குப் பயிற்சி கொடுக்கிற ஆஸ்பத்திரி, ஞாயிறு ஒரு வாரம் மாகறல் கோயில், மறு வாரம் கூரத்தில் இருக்கிற தங்கை தையல்நாயகி வீடு. புதன் ஒன்று பாக்கி இருந்தது, அதில் யார் வீட்டிலாவது வளைகாப்பு வந்துவிடும். ஒரு வருஷத்தில், மாமியாரை விட்டுவரவோ கூட்டிவரவோ அல்லாமல் சங்கரி தனியாக வண்டி ஓட்டியது மூன்றே முறை. மூன்றும் சர்வீஸுக்கு விட.

முன்பெல்லாம் "எனக்கு வேலை இருக்குது" என்று சொல்லித் தப்பிக்கலாம். இப்போது வண்டி ஓட்டுவதே அவள் வேலை. கேட்டு வாங்கின கயிற்றில் தானே கழுத்தைக் கொடுத்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிய ஆறு மாதம் பிடித்தது.

வருஷம் திரும்புகிற நேரத்தில்தான் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து கம்பெனி ஒன்று ஆள் எடுப்பதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். கார் இருக்கைகளுக்கு உறை தைக்கிற கம்பெனி. துணியில் பழுது கண்டுபிடிக்க ஆள் வேண்டும், பெண்களுக்கு முன்னுரிமை. சங்கரிக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தோரு வருஷமாகத் தறியிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு சேலையையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பது அவள்தான். அறுந்த இழை, தப்பின இழை எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பட்டம்மாள் கூரத்தில் இரண்டு நாள் தங்கின சமயம் பார்த்துப் பஸ் ஏறிப் போய்த் தேர்வு எழுதிவிட்டு வந்தாள். தேர்வு என்றால் எட்டுப் பழுது உள்ள ஒரு துணியை முன்னால் போட்டார்கள். அவள் ஒன்பது காட்டினாள். ஒன்பதாவது அவர்களுக்கே தெரியாது.

வேலைக்கான கடிதம் வந்தது. பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரைக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வராவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். நேர நீட்டிப்பு கிடையாது.

நாலு நாள் முன்னால் கதிர்வேலிடம் வேலை கிடைத்திருப்பதைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். சோற்றைப் பிசைந்துகொண்டே, "நல்லதுதான். ஆனா அம்மாவ யாரு இட்டுக்கினு போவாங்க? வண்டி சும்மாவா நின்னுக்கினு இருக்கும்? பாக்கலாம்" என்றார்.

அவருடைய 'பாக்கலாம்' சங்கரிக்கு அத்துப்படி. தையல் வகுப்புக்குப் போகிறேன் என்றபோது பாக்கலாம், தங்கை ஊரில் பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றபோது பாக்கலாம். எதையும் அவர் மறுத்ததில்லை, எதுவும் நடந்ததும் இல்லை.

எனவே சங்கரி கோழைத்தனமாக ஒரு திட்டம் போட்டாள். செவ்வாய்க்கிழமை எப்படியும் ஆஸ்பத்திரி. ஏழரைக்குப் பட்டம்மாளை அங்கே இறக்கிவிட்டு, திரும்பி வர ஷேர் ஆட்டோ ஏறச் சொல்லிவிட்டு, அவ்வளவு தூரத்துக்கு அந்தக் குட்டி வண்டி தாங்காது என்பதால் அதை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நிறுத்திவிட்டுப் பஸ் பிடித்துவிட வேண்டியது. எட்டேகால் பஸ்ஸைப் பிடித்தால்கூடப் போதும். யாரிடமும் முகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. மாலையில் வந்து எது வந்தாலும் வாங்கிக்கட்டிக்கொள்ளலாம்.

அன்று காலை ஏழு மணிக்கு வழக்கம்போல் பின்கதவு வழியாக ஏறி, இரண்டு சீட்டுக்கும் நடுவே உடம்பை நுழைத்து, வண்டியைச் சந்திலிருந்து தெருவுக்கு எடுத்தாள். பட்டம்மாள் தெருவில் நின்று கதவைத் திறந்து, உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். அந்த பெல்ட்டை மாட்டுவது அவளுக்குப் பெருமை. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் புறப்பட வேண்டியதுதான் பாக்கி, எதிர்வீட்டு உமாபதி கையை உயர்த்திக்கொண்டு வந்தான்.

"அக்கா, ஒரு பத்து நிமிஷம் வண்டிய உள்ள எடுத்துக்கோங்க. பாவு நீட்டிக்கினு இருக்கோம்."

பின்னால் ஆறேழு ஆண்கள் பாவுக் கட்டைத் தோளில் சுமந்து வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் கதிர்வேலும் ஒருவர். "உள்ள எடுத்துக்கோ சங்கரி. பத்து நிமிஷந்தான்" என்றார்.

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள்; அந்தத் தெருவில் பாவு என்றால் மறுபேச்சு கிடையாது. இன்று உமாபதியின் பாவுக்கு இவர்கள் கை கொடுத்தால்தான் நாளை இவர்கள் பாவுக்கு அவன் வருவான். நாலாயிரத்துச் சொச்சம் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, ஈரம் காயும்வரை தளரவிடாமல் பிடித்திருக்க வேண்டும். நீட்டிய பாவை யாரும் தாண்ட மாட்டார்கள், அடியில் குனிந்தும் போக மாட்டார்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள்கூட அதன் கடைசி வரை நடந்து சுற்றிக்கொண்டுதான் போவார்கள். சங்கரி பிறந்த தெருவிலும் இதே வழக்கம்தான். கை தானாக ரிவர்ஸ் போட்டது.

உள்ளே போனபின்தான் சுரீர் என்றது. பட்டம்மாளை முதலில் இறக்கியிருக்க வேண்டும். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவளால் பின்கதவு வழியாக ஊர்ந்து இறங்க முடியாது.

இரண்டு பக்கமும் சுவர். பின்னால் மூன்றடி தள்ளிக் குளியலறைச் சுவர், அங்கே சமையலறைக்குப் போக ஒரு சின்னக் கதவு. முன்னால், சந்தின் வாயை அடைத்துக்கொண்டு, இடுப்பு உயரத்தில் அரக்குச் சிவப்பில் பாவு நீண்டுவிட்டது. வலது பக்கக் கண்ணாடியை இறக்கினால் வெள்ளையடித்த சுவர் மூக்குக்கு நேரே வந்து நின்றது. அதில் ஒரு பல்லி. சங்கரி கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

ஏழு இருபத்தைந்து ஆயிற்று. பத்து நிமிஷம் எப்போதோ முடிந்துபோனது. வெளியே யாரோ "நடுவுல சிக்கு வுழுந்துடுச்சுப்பா" என்றார்கள். சிக்கு விழுந்தால் ஒவ்வொரு இழையாகப் பிரிக்க வேண்டும்.

"ஏசிய போடு" என்றாள் பட்டம்மாள்.

போட்டாள். ஏழு நாற்பது. அந்தக் குட்டி வண்டிக்குள் இரண்டு பேர் மூச்சு விடுவது ஒருவருக்கொருவர் நன்றாகக் கேட்டது. தோள் தோளில் இடித்தது. ஒரு வருஷம் இப்படித்தான் இடித்துக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள். அப்போதெல்லாம் வண்டி ஓடிக்கொண்டிருந்ததால் பேசாமல் இருக்க முடிந்தது.

"இன்னாத்துக்கு சும்மா சும்மா போன பாக்கற? லேட்டாப் போனா டாக்டரு இன்னா தூக்குலயா போடப் போறாரு?"

சங்கரியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "அத்தை, நான் இன்னைக்கி வேலைக்குச் சேரணும்" என்றாள்.

"இன்னா வேலை?"

"ஸ்ரீபெரும்புதூர்ல. காரு சீட்டுக்கு உறை தைக்கிற கம்பெனி. துணில பழுது பாக்கணும். ஒம்போதரைக்குள்ள போயி கையெழுத்துப் போடலன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

பட்டம்மாள் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "கதிருக்குத் தெரியுமா?"

"வேலைன்னு தெரியும். இன்னைக்கின்னு தெரியாது."

"என்ன ஆஸ்பத்திரில எறக்கி வுட்டுட்டு அப்படியே போயிடலாம்னு இருந்த."

"ஷேர் ஆட்டோவுல வந்துடுவீங்கன்னு நெனச்சேன்."

"ஷேர் ஆட்டோவுல ஏற முடியாமத்தானே இந்த வண்டிய வாங்குனது."

அது உண்மை. அவள் திட்டியிருந்தால் தேவலை என்று சங்கரிக்கு இருந்தது. பட்டம்மாள் திட்டவில்லை, சுவரைப் பார்த்தபடி பேசினாள்.

"நான் இந்த வூட்டுக்கு வாக்கப்பட்டு வந்து நாப்பத்தொம்போது வருஷம் ஆவுது. மாகறலு இங்கருந்து எம்மாந்தூரம்? போன வருஷம் உன் பக்கத்துல குந்திக்கினு போறப்பதான் மொத மொதல்ல அந்தக் கோயில பாத்தேன். அதுக்கு முன்னாடி தறிக்கு நூல் கண்டு சுத்திக்கினு ஜன்னலண்டயே கெடந்தேன். என்னிக்கும் யாரும் போவாதன்னு சொல்லல. இட்டுக்கினு போவத்தான் ஆளில்ல. நீ போயிட்டா நான் மறுபடியும் அந்த ஜன்னலுக்குத்தான் போவணும்."

சங்கரிக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் வந்தது. இவள் வெளியே வர வேண்டுமென்றால் நான் உள்ளே கிடக்க வேண்டும் என்று யார் எழுதி வைத்தது?

"நான் மட்டும் எங்க பாத்தேன் அத்தை?" என்றாள். "மாகறல் கோயிலுக்கு இருபத்தஞ்சு தடவ போயிருக்கோம். வண்டிய ஓரங்கட்டிட்டு, நீங்க வர்ற வரைக்கும் வெயில்ல நின்னுக்கினு இருந்தேன். உள்ள சாமி எந்தப் பக்கம் பாத்துக்கினு இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. என்னையும் யாரும் வராதன்னு சொல்லல."

பட்டம்மாள் திரும்பி அவளைப் பார்த்தாள். இருபத்தைந்து தடவையில் ஒரு தடவைகூட இது தன் நினைவுக்கு வரவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் சங்கரி போனைப் பார்த்தாள். ஏழு ஐம்பத்திரண்டு.

வெளியே உமாபதியின் குரல் கேட்டது. "சிக்கு எடுத்தாச்சு. கஞ்சி தெளிங்க. இன்னும் ஒரு அரை மணி ஆவும்."

அரை மணி. அவ்வளவுதான், போச்சு. உட்கார்ந்திருந்தால் எட்டு இருபத்தைந்துக்கு வழி கிடைக்கும். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வீட்டுக்கு வரலாம். நாளைக்குப் புதன், யாருக்காவது வளைகாப்பு இருக்கும். கடிதத்தை அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிடலாம். கதிர்வேல் ஒரு வார்த்தைகூடக் கேட்க மாட்டார். இதையெல்லாம் நினைக்க நினைக்க, சுவர் மூன்றரை அங்குலத்திலிருந்து இன்னும் கிட்டே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

சங்கரி கியரை நியூட்ரலில் தள்ளி, கைப்பிரேக்கை இறக்கினாள். சீட்டுக்கு அடியில் இருந்த பிடியை இழுத்தாள். பின்கதவு டப்பென்று திறந்துகொண்டது.

"இன்னா பண்ற?"

"நான் எறங்கறேன் அத்தை. ஏசி ஓடிக்கினே இருக்கும். தண்ணி பாட்டில் உங்க காலண்ட இருக்குது. பாவு எடுத்ததும் நாலு பேரு சேந்து வண்டிய தெருவுக்குத் தள்ளிடுவாங்க, நீங்க கதவத் தொறந்து எறங்கிக்கலாம்."

அவள் சீட்டில் மண்டியிட்டுத் திரும்பியபோது முந்தானை இறுகியது. பட்டம்மாள் பிடித்திருந்தாள்.

"தனியா இதுக்குள்ள நான் இன்னா பண்றது?"

சங்கரி வெடுக்கென்று இழுக்கவில்லை. இழுத்திருந்தால் வந்துவிடும், அந்தக் கையில் அவ்வளவு பலம் இல்லை. அதனால்தான் இழுக்க மனசு வரவில்லை. சுண்டு விரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு விரலாக விலக்கினாள். நூல் கண்டு சுற்றிக் காய்ப்பேறின விரல்கள். கட்டை விரலை விலக்கும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. விலக்கத்தான் செய்தாள்.

சாமான் இடத்தில் ஊர்ந்து, குளியலறைச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவே கால் ஊன்றி இறங்கினாள். புடவையைச் சரிசெய்துகொண்டு பின்கதவைச் சாத்தப் போனாள்.

"பைய வுட்டுட்டுப் போற" என்றாள் பட்டம்மாள்.

முகத்தைத் திருப்பாமலே, முன்சீட்டுக்கு மேலாகக் கையைப் பின்னால் நீட்டிக் கைப்பையைக் கொடுத்தாள். கடிதம் அதற்குள்தான் இருந்தது. சங்கரி வாங்கிக்கொண்டாள்.

சமையலறை வழியாக வீட்டுக்குள் புகுந்து தெருவாசலுக்கு வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற திசையில் பாவு முடிகிற இடத்தில், இழைகள் எல்லாம் வந்து சேருகிற கழியை மார்போடு அணைத்து, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து இழுத்துப் பிடித்துக்கொண்டு கதிர்வேல் நின்றார். கஞ்சி தெளித்தாகிவிட்டது. ஈர இழைகள் வெயிலில் மின்னின. அந்தக் கடைசியைச் சுற்றித்தான் போக வேண்டும், வேறு வழி கிடையாது.

"அம்மா எங்க?" என்றார்.

"வண்டியில."

"நீ எங்க போற?"

"வேலைக்கு. இன்னைக்கிதான் சேரணும்."

பாவின் இரண்டு பக்கமும் நின்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கதிர்வேலின் காது சிவந்தது.

"பாக்கலாம்னு சொன்னேன் இல்ல?"

"நாலு நாளா பாத்தேன்."

"அப்ப வண்டிய யாரு எடுப்பா?"

கேட்டுக்கொண்டே அவர் அவள் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார். பாவு ஒரு சாண் தொய்ந்தது. நடுவிலிருந்து உமாபதி பதறினான். "அண்ணே, இழுத்துப் புடிண்ணே. ஈரமா கீது, ஒட்டிக்கப் போவுது." கதிர்வேலின் கால் தானாகப் பின்னுக்குப் போனது. கழியை மறுபடி மார்போடு இறுக்கிக்கொண்டார்.

"கெட்டியாப் புடிச்சுக்கோங்க" என்றாள் சங்கரி. "ஒட்டிக்கினா அப்புறம் பிரிக்க முடியாது."

அவருக்கும் பின்னாலிருந்த திண்ணைக்கும் நடுவே கொஞ்சம் இடம்தான் இருந்தது. ஒருக்களித்து, அவர் முதுகை உரசிக்கொண்டுதான் அவள் போக வேண்டியிருந்தது. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. "சங்கரி" என்று ஒருமுறை கூப்பிட்டார். அவள் எட்டேகால் பஸ்ஸுக்கு வேகமாக நடந்தாள். கழி பிடித்தவரால் பாவு காயும்வரை திரும்பிப் பார்க்க முடியாது.